இசக்கியின் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு கம்ப்யூட்டருக்குப் பல் விளக்கிவிட்டேன்.

நிஜமாகத்தான். ஒரு புது டூத் பிரஷ், கொஞ்சம் வினிகர், ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செம்புக் கட்டி. அதன் உள்பக்கம் சீப்புப் பல்லைவிட மெல்லிய வரிகள். வரிகளுக்கு நடுவே பச்சையாக, வழவழவென்று ஏதோ ஒன்று அப்பியிருந்தது. குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்குமே... அதே சாமான்தான்.

"இது எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மாப்பிள்ளை சுப்பையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாரலைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை இசக்கி, தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் சினிமா மாதிரி காட்டுகிறார்களே, அந்த வேலை தெரிந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அப்புறம் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் போலீஸ் உத்தியோகம், இந்தப் பக்கம் போஸ்டிங், ஒரு பெண் குழந்தை. வேலை நின்றுபோனது. குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் மறுபடியும் தேட ஆரம்பித்தாள். நடுவில் சில வருடம் வீட்டிலிருந்த பெண்ணிடம் இன்டர்வியூவில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் கொச்சியில் ஒரு ஸ்டுடியோ சரி என்றது. முதலில் ஒரு மலை ரிசார்ட்டுக்குச் சின்னதாக ஒரு படம் செய்து தர வேண்டும். ஜூலை கடைசித் திங்கட்கிழமைக்குள் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். வீட்டிலிருந்தே செய்யலாம். கொடுக்கவில்லையென்றால் அவ்வளவுதான்.

"இதுவும் போச்சுன்னா இனிமே யாரும் என்னையக் கூப்பிட மாட்டாங்கண்ணே" என்றாள் இசக்கி. அழவில்லை. ரேஷன் கடையில் இன்றைக்குப் பருப்பு இல்லை என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டுடியோக்காரர்கள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். வீட்டு மெஷின் தாங்காவிட்டால் கொச்சிக்கு வந்து உட்கார்ந்து முடித்துக் கொடுக்கலாம், தங்க இடம் தருகிறோம் என்று. அதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீஸ் வேலையில் இருக்கும் கணவர், பள்ளிக்கூடம் போகும் குழந்தை... இவளாவது கொச்சிக்குப் போவதாவது! அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று நானும் மாப்பிள்ளையும் முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் மெஷின் தாங்கவில்லையே.

அந்த ரிசார்ட்டுக்கு நடுவில் ஒரு செயற்கை அருவி வருகிறது. கட்டடத்தைக் காட்டுவதில் கம்ப்யூட்டருக்குச் சிரமமில்லை. அருவி என்று வந்தால்தான் அதற்கு மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு துளியும் எங்கே தெறிக்கும், வெயில் பட்டால் எப்படி மின்னும் என்று கணக்குப் போட வேண்டுமாம். சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டும், ஃபேன் அலறும், பொசுக்கென்று அணைந்துவிடும். பாதியில் விட்ட கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

ஏசி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? போட்டுப் பார்த்தார்கள். மாடி அறை, மே மாத வெயில். ஏசியும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். ஒன்று இசக்கி குளுகுளுவென்று இருக்கலாம், அல்லது இசக்கி வேலை பார்க்கலாம்.

அந்த நேரத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு மிக்ஸியைத் திறந்து, மூடும்போது இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வைத்த ஆள் நான். அந்த மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது. என் மனைவிதான் அதை நம்புவதில்லை.

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் செய்துவிடலாம் என்றேன். ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கார் என்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறதல்லவா, அதே யோசனைதான். சூடாகிற சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டியை உட்கார வைக்க வேண்டும். அதன் வழியாக ஒரு சின்ன பம்ப் தண்ணீரை ஓட்டும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், அங்கே ஃபேன் காற்றில் ஆறும், ஒரு கண்ணாடித் தொட்டிக்கு வந்து மறுபடி கிளம்பும். வெளியிலிருந்து தண்ணீர் வராது, உள்ளிருந்து போகாது. இருக்கிற தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும்.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "கரண்டு ஓடுத பெட்டிக்குள்ள தண்ணிய விடுதேங்கீங்களே மச்சான்" என்றார். நான் ஏதோ குற்றத்துக்குத் திட்டம் போடுகிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது ஒழுங்கா ஓடிட்டுன்னா அவ கொச்சிக்குப் போக வேண்டாம்லா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அவர் ஆட்சேபிக்கவே இல்லை.

ஆன்லைனில் சாமான்கள் வந்தன. வந்த ரேடியேட்டர், கம்ப்யூட்டர் கேபினட்டைவிட நீளம். மேல்தகட்டை வெட்டித் தூக்கிக் கட்டினால்தான் உட்காரும். பெரிய ஊர்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். தென்காசியில் தகட்டை ஒழுங்காக வெட்டி மடக்கத் தெரிந்தவர் யார்? பீரோ செய்கிறவர்தான். உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பெட்டியை அந்தோணி அண்ணாச்சியின் பீரோ பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார். தட்டு வேண்டாம், மேலே நீளமாக ஒரு ஓட்டை, அதற்கு மேல் காற்றுப் போகிற மாதிரி ஒரு கூரை, அவ்வளவுதான் என்று படம் போட்டுக் கொடுத்தேன். நாளை வா என்றார்.

மறுநாள் போனால், வேலை கனகச்சிதம். வெட்டிய விளிம்பில் கை கீறாமல் ரப்பர் பீடிங் ஒட்டியிருந்தார். ஆனால் பெட்டி மொத்தத்துக்கும் பீரோ சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார். பக்கக் கதவில் பீரோ கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழே பூட்டு. இரண்டு சாவி.

"பூட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"பூட்டு இல்லாத கதவு என் பட்டறைய விட்டு வெளிய போனதில்ல தம்பி" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? கல்யாணச் சீர் மாதிரி அதை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். இசக்கிக்கு என்னவோ அந்தப் பூட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு சாவியை அவள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை மாப்பிள்ளை பைக் சாவியோடு கோத்துக்கொண்டார்.

தண்ணீருக்கு பேட்டரி கடைக்குப் போனேன். இதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. உப்பு, மண், உயிர் எதுவும் இல்லாத டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். நம் ஊரில் அதற்குப் பெயர் பேட்டரி தண்ணி. எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் ஓடுகிற வண்டிக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை ஊற்றி, பாசி பிடிக்காமலிருக்கச் சில சொட்டு மருந்தும் விட்டேன். குழாய் சேரும் இடமெல்லாம் டிஷ்யூ பேப்பர் சுற்றி, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம். பேப்பர் நனையவில்லை.

அடுத்த நாள் இசக்கி அருவியை ஓட்டினாள். சூடு அறுபதைத் தாண்டவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன், ஃபோட்டோ அனுப்பினேன். பீரோ வாங்கினீர்களா என்று பலரும் விசாரித்தார்கள்.

இதற்குள் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. சாரலடிக்கிற ஊரில் கம்ப்யூட்டருக்கு என்ன சூடு என்று கேட்காதீர்கள். சாரல் வெளியேதான். அந்தப் பெட்டிக்குள் எப்போதும் சித்திரை மாதம்தான்.

மாப்பிள்ளைக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து டியூட்டி. காலையிலிருந்து விசில் ஊதி, வழுக்குகிற பாறையில் ஏறுகிறவர்களை இறக்கி, குளித்தவர்களைக் கிளப்பி, குளிக்காதவர்களை வரிசைக்குத் தள்ளி, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார். வரும்போது கையில் ஒரு கேன் அருவித் தண்ணீர் இருக்கும். அவர் குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவர். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடையில் விற்கிற தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே முகம் கோணும்.

அவர் ஒருமுறை என்னிடம், கம்ப்யூட்டருக்கு ஏன் பேட்டரி தண்ணி என்று கேட்டிருந்தார். நானும் உப்பு, படிவு, பாசி என்று விளக்கினேன். தலையாட்டினார். அதிகாரி பேசும்போது ஆட்டுகிற தலையாட்டல் அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசி வாரத்தில் சூடு மெல்ல ஏற ஆரம்பித்தது. எழுபது. அப்புறம் எண்பது. வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை படம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பழையபடி பொசுக்கென்று அணைந்தது. அருவி வருகிற கடைசிக் காட்சி பாக்கி. இசக்கி போனில் கூப்பிட்டாள். டூல்ஸ் பெட்டியோடு ஓடினேன்.

தண்ணீரை வடித்தேன். வந்தது தண்ணீராக இல்லை, பச்சைக் கலங்கலாக இருந்தது. செம்புக் கட்டியைத் திறந்தேன். அப்புறம்தான் அந்தப் பல் விளக்கல்.

முதலில் அந்த மருந்துச் சொட்டு விற்றவனைத் திட்டினேன். பிறகு குழாய் அனுப்பியவனை. திட்டிக்கொண்டே இருக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. வடிப்பதற்கு முன்னால் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அப்படி இருக்கக் கூடாதே? புதிதாகத் தண்ணீர் ஊற்றினால், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் போகப் போக மட்டம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கின தண்ணீர் எப்படி ஏறியது? யாராவது கதவைத் திறந்து ஊற்றியிருக்க வேண்டும். கதவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவி இரண்டு பேரிடம். இசக்கி தான் திறக்கவே இல்லை என்றாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சாரலைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"தண்ணி கொறஞ்சிக்கிட்டே வந்துச்சு மச்சான். தீந்துபோயி வெடிச்சிருமோன்னு பயந்துட்டேன்."

"எந்தத் தண்ணிய ஊத்தினீங்க மாப்ள?"

"நம்ம ஐந்தருவித் தண்ணிதான். வேட்டித் துணில வடிகட்டித்தான் ஊத்துனேன். பேட்டரி தண்ணி செத்த தண்ணிலா... நம்ம தண்ணி மனுச உடம்புக்கே அவ்வளவு நல்லது செய்யுது, மெஷினுக்குச் செய்யாதா?"

ஊரெல்லாம் திருடனைப் பிடிக்கிறவர், தன் வீட்டில் தானே பிடிபட்டு உட்கார்ந்திருந்தார்.

கோபப்பட வேண்டிய இடம்தான். பட்டேன். கொஞ்சம் சத்தமாகவே பட்டேன். மலையிலிருந்து வருகிற தண்ணீரில் மண் இருக்கும், இலைத் தூள் இருக்கும், பாசி விதை இருக்கும், துணியில் அதெல்லாம் நிற்காது என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். நனைந்த யூனிஃபார்மோடு நின்றபடியே, மனைவியின் மெஷினுக்கு ஊரிலேயே உசத்தியான தண்ணீரை ஊற்றிய மனிதர். அவரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே அப்படித்தான். நமக்கு நல்லது என்று பட்டதை, அடுத்தவருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊற்றிவிடுகிறோம். நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு வயிறு நிறைந்த பிறகும் இலையில் விழுகிற சோறு, மாப்பிள்ளை பார்த்துவிட்டு மகளிடம் சொல்கிற கல்யாணத் தேதி... எல்லாம் அந்த வகைதான். வடிகட்டித்தான் ஊற்றுகிறோம். அன்பு கலந்துதான் ஊற்றுகிறோம். அடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிகிறது.

இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு இவ்வளவு நிதானம் எங்கே இருந்தது?

ரேடியேட்டரைப் பலமுறை கழுவ வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அருவி. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் திங்கட்கிழமைக்குள் முடியாது. நானும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி யோசனை சொன்னோம். திருநெல்வேலிக்குப் போய்ச் சாதாரணக் கூலர் வாங்கி வரலாம் என்றேன். கடையத்தில் தன் நண்பர் ஒருவரின் பையன் பெரிய கம்ப்யூட்டர் வைத்து கேம் ஆடுகிறான், அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்பத் தயாரானார். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஏசி போடலாமா என்றுகூடப் பேசினோம். இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது.

அப்போது இசக்கி உள்ளேயிருந்து வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். ஒரு தோளில் பை. கையில், துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்.

"கொச்சிக்குப் பேசிட்டேன். நாளைக்குக் காலைல அங்கன மெஷின் தாரேன்னுட்டாங்க. செங்கோட்டையில பஸ் ஏறுதேன். பாப்பாவுக்குத் திங்கக்கெழம பரீட்சை, படிக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். "நீ போகக் கூடாதுன்னுதான இவ்வளவும் செஞ்சோம் இசக்கி?"

"எனக்கு இந்த வேலை வேணும்னு சொன்னேன். போகமாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்? யாராச்சும் கேட்டீங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. நான் கையிலிருந்த டூத் பிரஷைக் கீழே வைத்தேன். அவள் சொன்னது உண்மை. ஆன்லைனில் தேடித் தேடி ரேடியேட்டரின் நீள அகலம் பார்த்தேன், பீரோ பட்டறையில் தகட்டின் கனம் பார்த்தேன். அவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "எனக்குத்தான் பயம். நீ அங்க போயிட்டா அந்த ஊரு ஒனக்குப் புடிச்சிருமோன்னு." இதைச் சொல்லும்போது அவர் போலீஸ்காரராகவே இல்லை.

"புடிச்சா என்ன? வீடு இங்கனதான இருக்கு" என்றாள் இசக்கி. அவள் பையை அவர் வாங்கிக்கொண்டார். ஹார்ட் டிஸ்கை மட்டும் அவள் கொடுக்கவில்லை. இருவரும் சாரலில் பைக்கில் செங்கோட்டைக்குப் போனார்கள். நான் மறுபடி பிரஷை எடுத்தேன். வேறென்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ரேடியேட்டரைக் கழுவினேன். மாப்பிள்ளை லீவு போட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் குழந்தை பள்ளிக்கூடம் போனபோது இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் இருந்தது. அவர் ஐந்தருவிக்கு டியூட்டிக்குப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் அவரிடமிருந்து போன் வந்தது. "வேலை கெடச்சிட்டு மச்சான். இப்பத்தான் சொன்னா." போனில் கொஞ்ச நேரம் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை.

இசக்கி புதன்கிழமை வந்தாள். இனி மாதத்தில் ஒரு வாரம் கொச்சிக்குப் போய் வருவாளாம். அவர்கள் கேட்கவில்லை, இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். "எத்தன வருசம் கழிச்சு, எங்கூட வேலை பாக்குதவங்களோட ஒக்காந்து டீ குடிச்சேன் தெரியுமாண்ணே" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று கஷ்டமாகவும் இருந்தது.

கழுவி, புதிதாக பேட்டரி தண்ணி ஊற்றி, ஓடவிட்டிருந்த கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தாள். சூடு அறுபதுக்குக் கீழே. நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் அங்க இருக்குத வாரத்துலயும் இது இங்கன ஓடிக்கிட்டுதான் இருக்கும். தண்ணி கொறஞ்சா நீங்கதான் பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிடுதேன்" என்றார் அவர், பரம சந்தோஷமாக.

"ஆனா, யாரு எதை ஊத்துறதா இருந்தாலும் மொதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்துங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.